கிராம சபையில் கை தூக்கும் முன்: ஊராட்சிப் பணிகளின் முழுச் செலவைக் கணக்கிடும் வழி

ஊரில் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டால் யாராவது ஒருவர் உடனே பதில் சொல்லிவிடுவார். அந்தத் தொட்டியை அடுத்த இருபது ஆண்டுகள் நடத்த எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். ஊராட்சிச் செயலர் ஓவர்சீயரைப் பார்ப்பார், ஓவர்சீயர் கடிகாரத்தைப் பார்ப்பார். தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 12,500 ஊராட்சிகளிலும் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. கட்டுவதற்கான பணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது: மத்திய அரசு, மாநில அரசு, சட்டமன்ற உறுப்பினர் நிதி. நடத்துவதற்கான பணத்தை ஊர்தான் தேட வேண்டும். மின் கட்டணம், தொட்டி இயக்குபவரின் ஊதியம், எரிந்துபோன மோட்டார் என எல்லாம் ஊராட்சியின் மெலிந்த பொது நிதியில் வந்து விழுகின்றன.

கிராம சபை உறுப்பினராக இருக்கத் தனித் தகுதி எதுவும் தேவையில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடுகிறது. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத அப்படிப்பட்ட காலத்தில் கணக்குக் கேட்கும் வேலை மக்கள் மேல் கூடுதலாகவே விழுகிறது.

தாளை முன்கூட்டியே கையில் வாங்குங்கள்

கூட்டம் நடக்கும் இடத்தில் வாசித்துக் காட்டப்படும் தீர்மானத்தை எடைபோட யாராலும் முடியாது. ஒலிபெருக்கி கரகரக்கும், பின்னால் இருப்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், பதினைந்து பொருள்கள் அரை மணி நேரத்தில் ஓடிவிடும். எனவே கூட்ட அறிவிப்பு வந்தவுடனேயே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் மூன்று தாள்களைக் கேளுங்கள்: கூட்டப் பொருள் பட்டியல், அந்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம், முன்மொழியப்படும் பணியின் எஸ்டிமேட்.

எஸ்டிமேட் இன்னும் தயாராகவில்லை என்ற பதில் அடிக்கடி வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். பணியின் பெயரை மட்டும் தீர்மானத்தில் ஏற்றிவிட்டு, மதிப்பீட்டைப் பிறகு ஒன்றியப் பொறியாளர் தயாரிப்பது வழக்கமான நடைமுறை. அப்படியானால் குறைந்தபட்சம் உத்தேச அளவு, இடம், உத்தேசத் தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். இவை மூன்றும் இல்லாத தீர்மானம் தொகை எழுதாத காசோலைக்குச் சமம். ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் செலவும் ஆண்டுவாரியாக இருக்கும், கைபேசியிலேயே பார்க்கலாம். தளத்தில் ஏறிய பணிகளும் ஊரில் கண்ணால் காணும் பணிகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் பல கேள்விகள் தாமாக எழும்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது

எல்லாப் பணமும் ஒரே பணம் இல்லை. ஊராட்சிக்கு வரும் ஒவ்வொரு ரூபாயின் மேலும் அதை எதற்குச் செலவிடலாம் என்ற நிபந்தனை ஒட்டியிருக்கிறது. நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு ஊராட்சிகளுக்கு மானியம் தருகிறது. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனையோடு வந்தது. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், மறுபாதி துப்புரவுக்கும். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றிருந்தது. ஆனால் ஊதியத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக் கூடாது என்பது விதி. 2026 ஏப்ரல் முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலம் என்பதால், புதிய நிபந்தனைகள் என்ன என்பதை உங்கள் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம்? ஒரு தெருவுக்குப் பேவர் பிளாக் போட நிபந்தனையற்ற பங்கிலிருந்து எடுத்தால், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடிய அரிய பணம் அதில் போய்விடுகிறது. அதே தெருவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்டிருக்கலாம். அது தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. நமக்கு நாமே திட்டம் என்றால் மக்கள் பங்களிப்பாகப் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும். அந்தப் பங்கை யார் தருகிறார் என்பதைக் கூட்டத்திலேயே கேட்பது நல்லது. வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் மூலதனச் செலவில் 10 சதவீதம் ஊர்ப் பங்கு. மலைப்பகுதிகளிலும், ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 சதவீதம்.

ஆக, “இதற்கு எவ்வளவு?” என்பதற்கு முன்னால் “எந்த நிதித் தலைப்பில்?” என்று கேளுங்கள். “பொது நிதி” என்ற பதில் வந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அது உங்கள் வீட்டுவரி.

எஸ்டிமேட்டை அளவு நாடாவோடு படியுங்கள்

எஸ்டிமேட் என்பது பார்ப்பதற்கு மிரட்டும் தாள். உள்ளே இருப்பதோ பெருக்கல் கணக்கு மட்டுமே: அளவு, ஓர் அலகுக்கான விலை, இரண்டையும் பெருக்கிய தொகை. விலையைப் பொறியாளர் தம் விருப்பப்படி எழுதுவதில்லை. ஆண்டுதோறும் வெளியாகும் விலை விகித அட்டவணையிலிருந்து எடுக்கிறார். எனவே நீங்கள் பார்க்க வேண்டியது அளவை. அதைச் சரிபார்க்க நாடா போதும், பொறியியல் பட்டம் வேண்டாம்.

நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு சிமென்ட் தெரு என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து சென்டிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட் 45 கன மீட்டர். பத்து சென்டிமீட்டராகப் போட்டால் 30 கன மீட்டர். கணக்கு வசதிக்காக ஒரு கன மீட்டர் 6,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், ஒரு சாண் கூட இல்லாத அந்த ஐந்து சென்டிமீட்டரின் விலை 90,000 ரூபாய். போட்டு முடித்த பிறகு மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கனம் எவ்வளவு என்பதை முன்பே எழுதி வைத்துக்கொண்டால்தான், கான்கிரீட் கொட்டும் நாளில் ஓரத்தில் நின்று அளக்க முடியும். பேவர் பிளாக்கிலும் அப்படித்தான்: நடைபாதைக்கு 60 மில்லிமீட்டர் கல் போதும், டிராக்டரும் நெல் லாரியும் போகும் தெருவுக்கு 80 மில்லிமீட்டர் வேண்டும்.

எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். அங்கேதான் 18 சதவீத ஜி.எஸ்.டி., கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதம் போன்றவை சேர்கின்றன. பத்து லட்ச ரூபாய் வேலைக்கு ஜி.எஸ்.டி. மட்டும் 1,80,000. தீர்மானத்தில் எழுதிய தொகை வரியோடு சேர்ந்ததா, சேராததா என்று கேட்காமல் விட்டால், பிற்பாடு வேலையின் நீளத்தைக் குறைத்துத்தான் சரிக்கட்டுவார்கள்.

ஒரே தெருவின் வேலை மூன்று சிறு மதிப்பீடுகளாகப் பிரிந்து வந்தாலும் நின்று கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளி விதிகள் வேலையின் மதிப்பைப் பொறுத்து மாறுகின்றன; உடைத்தால் கண்காணிப்பு குறையும். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டம் ஊராட்சிக்கும் பொருந்தும்.

நடத்தும் செலவு: ஒரு முழுக் கணக்கு

இந்த வழிகாட்டியிலேயே நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஊர் கற்பனை. விலைகளும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் ஊரின் மின் ரசீதையும் கடை விலையையும் அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊராட்சியில் 600 வீடுகள். ஊரிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு குடியிருப்பில் 120 வீடுகள், 420 பேர். அவர்களுக்கென்று ஆழ்துளைக் கிணறு, 5 எச்.பி. மோட்டார், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, குழாய்கள் எல்லாம் சேர்த்து 22 லட்ச ரூபாயில் ஒரு முன்மொழிவு வருகிறது.

முதலில் அளவு சரியா என்று பாருங்கள். ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. 420 பேருக்கு 23,100 லிட்டர். தொட்டியை நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். சரியான அளவுதான், வீண் பெரிது இல்லை.

இப்போது மின்சாரம். 5 எச்.பி. என்பது 3.7 கிலோவாட்டுக்குச் சற்று மேல்; மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் சுமார் நாலரை கிலோவாட் இழுக்கும். கிணறு நிமிடத்துக்கு 100 லிட்டர் தந்தால் தொட்டி நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது நாளுக்கு 22.5 யூனிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 8,200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 65,600 ரூபாய்.

தொட்டி இயக்குபவருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 60,000. இந்தத் தொகையில் ஒருவர் காலையும் மாலையும் வால்வு திறந்து, மோட்டார் போட்டு, தொட்டியும் கழுவுகிறார் என்பதே வெட்கப்பட வேண்டிய விஷயம். அது தனிக் கதை. குளோரின் செலவு அற்பம்: 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் நாளுக்கு 120 கிராம், ஆண்டுக்கு 44 கிலோ, கிலோ 40 ரூபாய் என்றால் சுமார் 1,750. இவ்வளவு மலிவான இந்தச் செலவைத்தான் பல ஊர்களில் முதலில் நிறுத்துகிறார்கள். மோட்டார் காயில் கட்டுவது, கேபிள், ஸ்டார்ட்டர், குழாய் உடைப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 20,000 ஒதுக்குவோம்.

கூட்டினால் 1,47,350 ரூபாய். ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 102 ரூபாய். குடிநீர்க் கட்டணம் மாதம் 50 ரூபாய் என்று வைத்து, 120 வீடுகளும் ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டினாலும் வருவது 72,000. துண்டு விழுவது 75,350.

இருபது ஆண்டுகளுக்கு, விலைவாசி ஏறவே இல்லை என்று வைத்தால் கூட, நடத்தும் செலவு 29 லட்சத்தைத் தாண்டுகிறது. கட்டும் செலவு 22 லட்சம். கூட்டத்தில் விவாதிக்கப்படும் தொகை இந்த இரண்டில் சிறியதுதான்.

இதே கணக்கை மற்றப் பணிகளுக்கும் சுருக்கமாகப் போட்டுப் பார்க்கலாம். ஊர் முச்சந்தியில் உயர்கோபுர மின்விளக்கு கேட்பது இப்போது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. 200 வாட் விளக்கு ஆறு, இரவில் 11 மணி நேரம்: நாளுக்கு 13.2 யூனிட், யூனிட் 8 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 38,500 ரூபாய். அதே மின்சாரத்தில் 20 வாட் தெருவிளக்குகள் அறுபது எரியும். மேலே ஒரு விளக்கு கெட்டால் ஏறிக் கழற்ற ஊரில் ஆள் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. மாறாக, சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய டியூப்லைட்டை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றுவது தன் செலவைத் தானே மீட்கும் வேலை. ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு 120 யூனிட், அதாவது 960 ரூபாய் மிச்சம். விளக்கின் விலை 2,000 ரூபாய் என்றால் இரண்டு ஆண்டுகளில் போட்ட பணம் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட முன்மொழிவு வந்தால் அதிகம் யோசிக்காமல் கையைத் தூக்கலாம்.

ஊராட்சியால் தாங்க முடியுமா

மேலே விழுந்த 75,350 ரூபாயை ஊராட்சியின் சொந்த வருவாயோடு வைத்துப் பாருங்கள். வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, புளிய மகசூல் ஏலம், மீன் பாசி ஏலம், கடை வாடகை: பெரும்பாலான ஊராட்சிகளுக்கு இவ்வளவுதான். நம் கற்பனை ஊரில் 600 வீடுகளுக்குச் சராசரி வீட்டுவரி 400 ரூபாய் என்றால் கேட்பு, அதாவது வசூலாக வேண்டிய தொகை, 2,40,000. எண்பது சதவீதம் வசூலானால் 1,92,000. புதிய தொட்டியின் பற்றாக்குறை மட்டுமே இதில் பத்தில் நான்கு பங்கை விழுங்கிவிடும். மீதியில்தான் மற்ற தொட்டிகள், தெருவிளக்குகள், அலுவலகச் செலவு எல்லாம்.

நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கைப் பராமரிப்புக்கும் பயன்படுத்த இடமிருக்கிறதே என்று செயலர் சொல்லலாம். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பங்கில் ஏற்கெனவே எத்தனை தொட்டிகள் வாழ்கின்றன, இதற்கு எவ்வளவு மிஞ்சும் என்று தொகையாகக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய ஏடுகள் இரண்டு. ஒன்று, வரி கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு. மற்றொன்று, கிராம சபையில் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கையான படிவம் 30. கடந்த ஆண்டு மின் கட்டணம் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மின் நிலுவை லட்சக்கணக்கில் நிற்கும் ஊராட்சி இன்னொரு மோட்டாரை இறக்க முன்வந்தால், அதற்கான பதிலைக் கேட்க ஊருக்கு உரிமை உண்டு.

பணம் போதவில்லை என்றால் கட்டணத்தை உயர்த்தலாம். 50 ரூபாயை 100 ஆக்கினால் நம் எடுத்துக்காட்டில் பற்றாக்குறை கிட்டத்தட்ட மறைகிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 600 ரூபாய் கூடுதல் சுமை. ஆனாலும் வாரத்துக்கு மூன்று குடம் தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டுக்கு, ஒழுங்காக வரும் 100 ரூபாய்க் குழாய் லாபம். கட்டண உயர்வு என்றதும் எதிர்த்துக் கத்துவது எளிது. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்ற உறுதியைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லி, அதன் பேரில் உயர்வை ஏற்பதே விவரமான பேரம் என்பேன்.

மாற்று வழியைப் பக்கத்தில் வையுங்கள்

எந்த முன்மொழிவையும் தனியாக வைத்துப் பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும். தொட்டி வேண்டாம் என்று யார் சொல்வார்? அதனால் எப்போதும் வேறொரு வழியைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

நம் குடியிருப்பிலிருந்து 400 மீட்டரில் பழைய தொட்டி ஒன்று இருக்கிறது என்று வைப்போம். அங்கிருந்து குழாயை நீட்டித்தால், மீட்டருக்கு 600 ரூபாய் வீதம் 2,40,000 ரூபாய். கூடுதலாக ஏற்றும் தண்ணீருக்கு அதே 65,600 ரூபாய் மின்சாரம், 1,750 குளோரின், குழாய்ப் பராமரிப்பு 5,000. புதிதாக ஆள் வேண்டாம், புது மோட்டார் வேண்டாம். ஆண்டுச் செலவு 72,350. வரும் கட்டணம் 72,000. துண்டு அநேகமாக விழவில்லை.

காகிதத்தில் இது வெல்கிறது. ஆனால் மே மாதத்தில் அந்தப் பழைய கிணறு எத்தனை மணி நேரம் தண்ணீர் தருகிறது என்று தொட்டி இயக்குபவரிடம் கேட்காமல் முடிவுக்கு வராதீர்கள். கோடையில் இரண்டு மணி நேரத்தில் காற்று வாங்கும் கிணறு என்றால், நீட்டித்த குழாய் மேடான பகுதிக்கும் தண்ணீர் தராது, பழைய தெருவின் தண்ணீரையும் கெடுக்கும். அப்போது 22 லட்சமே மலிவு. இந்தக் கேள்விக்கு எஸ்டிமேட்டில் விடை இராது. அந்த 5,000 ரூபாய் ஊதியக்காரருக்குத்தான் தெரியும்.

பழுது பார்ப்பதும் ஒரு மாற்று வழிதான். தூண் கம்பி தெரியும் தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டத்தான் வேண்டும். மேல்தளம் மட்டும் பெயர்ந்த தொட்டிக்கு அப்படி இல்லை. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். புதுக் கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. பூச்சு வேலைக்கு இரண்டும் இல்லை. பழுது பார்க்கும் முன்மொழிவுகள் குறைவாக வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஏட்டில் ஏறாத செலவுகள்

சில செலவுகளை ஊராட்சி கட்டுவதில்லை. யாரோ ஒரு வீட்டுக்காரர் கட்டுகிறார்.

சிமென்ட் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தளத்தின் மேலேயே புதிய தளம் போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது. மூன்றாவது முறை போடும்போது வாசல்படி தெருவுக்குக் கீழே போய்விடும். ஐப்பசி மழையில் தண்ணீர் கூடத்துக்குள் வரும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். உங்கள் ஊர் எஸ்டிமேட்டில் அந்தச் சுரண்டும் வேலைக்கு ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் அதன் செலவு, படியை உயர்த்திக் கட்டப்போகும் வீட்டுக்காரர் தலையில்.

கழிவுநீர் வாய்க்காலில் கேள்வி ஒன்றே ஒன்று: எங்கே போய் முடிகிறது? தெருவில் தொடங்கும் இடத்தை எல்லோரும் காட்டுவார்கள். முடியும் இடம் ஒருவரின் வயல், அல்லது ஊரணி, அல்லது ஊரின் கடைசியில் இருக்கும் காலனி. முடிவிடம் குறிப்பிடாத வாய்க்கால் திட்டம் ஒரு தெருவின் நாற்றத்தை இன்னொரு தெருவுக்கு அனுப்பும் திட்டம்.

யாருக்குப் பயன் என்பதையும் கணக்காகவே போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுப் பணிகளைத் தெருவாரியாகப் பிரித்து எழுதி, ஒவ்வொரு தெருவின் வீடுகளால் வகுத்தால் போதும். ஆதிதிராவிடர் குடியிருப்பில் வீட்டுக்கு இவ்வளவு, தலைவர் வீட்டுத் தெருவில் இவ்வளவு என்று இரண்டு எண்கள் கிடைக்கும். குரலை உயர்த்தாமல் வாசிக்கக் கூடிய எண்கள் அவை.

“நிதி திரும்பிப் போய்விடும்”

கணக்குக் கேட்கும் எவரும் இந்த வாக்கியத்தைச் சந்தித்தே தீர வேண்டும். மார்ச் மாதம் நெருங்கினால் இன்னும் பலமாகக் கேட்கும். “கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் பணம் போய்விடும், கிடைப்பதைக் கட்டிக்கொள்வோம்.”

இதில் பாதி உண்மை இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தாத திட்ட நிதி கைநழுவலாம். அடுத்த தவணை தாமதமாகலாம். அதனால் “வேண்டாம்” என்று நிறுத்துவதைவிட, அதே நிதித் தலைப்பில் நடத்தும் செலவு குறைந்த வேறொரு பணியைக் கையில் வைத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். குடிநீர்ப் பங்கு என்றால் வால்வு மாற்றுதல், கசியும் குழாயை மாற்றுதல், பழைய மோட்டாருக்குப் பதில் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார். துப்புரவுப் பங்கு என்றால் உறிஞ்சுகுழிகள். கடைசி நேரத்தில் அவசரமாக வரும் முன்மொழிவுக்கு எதிராக, முன்பே தயாராக எழுதிய மாற்று முன்மொழிவு ஒன்று இருந்தால் விவாதத்தின் தொனியே மாறிவிடும்.

கூட்டத்தில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

தனியாகப் போகாதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஊரில் வரவு செலவு நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்களே. கணக்கை அவர்களிடம் முன்பே காட்டி, சரிபார்த்து, அவர்களில் ஒருவரையே பேசச் சொன்னால் எடுபடும்.

குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள்கள், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் இருக்கும். ஆள்கள் இருக்கிறார்களா என்பது வேறு. வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள்.

பேசும்போது குற்றச்சாட்டில் தொடங்கினால் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். கேள்வியை இப்படி வைக்கலாம்: “ஐயா, இந்தத் தொட்டிக்கு ஆண்டுக்கு மின் கட்டணமும் ஆள் ஊதியமும் பராமரிப்பும் சேர்த்து எவ்வளவு ஆகும், எந்த நிதியிலிருந்து தருவோம் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்து எழுதிவிடலாமா?” இதை மறுக்க எவராலும் எளிதில் முடியாது. விடை இல்லை என்றால், “நடத்தும் செலவு விவரத்தோடு அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் கலைவதற்கு முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏறாத பேச்சு பேசாததற்குச் சமம். தீர்மானப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

தாள்கள் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்; வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. “ஊராட்சியின் எல்லாச் செலவுகளும்” என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. “இந்தப் பணியின் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி ஆணை, கடந்த மூன்று ஆண்டுகளின் மின் கட்டண ரசீதுகள்” என்று தாளின் பெயர் சொல்லிக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம்; ஐந்து நாள்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது.

வேலை தொடங்கிய பிறகு

பணியிடத்தில் வைக்கப்படும் தகவல் பலகையில் நிதித் தலைப்பு, தொகை, அளவு மூன்றும் தீர்மானத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் எத்தனை ஆண்டுகளுக்குக் குறைகளைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் விரிசல் அந்தக் காலத்துக்குள் வந்தால் பொது நிதியைத் தொட வேண்டியதில்லை. எம். புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் எழுதிய அளவின்படிதான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகிறது. அதன் நகலைக் கேட்டு வாங்கி, நாடாவோடு தெருவுக்குப் போகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்த மாதிரியை அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.